அம்மா அறைக்கு மட்டும் கரண்ட் இல்லை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாயா? குவாரித் தூசியில் உன் இருமல் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே அதை அடிக்க வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

உங்கள் பக்கம் டவர் விழுந்ததிலிருந்து உன் போன் கிடைப்பதில்லை. வாரம் ஒருமுறை தபால் வண்டி வருகிறது என்று உங்கள் கம்பெனி ஆபீசில் சொன்னார்கள். அதனால் கடிதம்.

அம்மாவின் ஆக்ஸிஜன் மெஷினை நீ பார்த்ததில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன பீரோ உயரத்துக்கு நின்று நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தவே கூடாது என்கிறார் டாக்டர். கரண்ட் தினமும் ஆறு மணி நேரம் போகிறது. இன்வெர்ட்டர் நாலு மணி நேரத்தில் கூவ ஆரம்பித்துவிடுகிறது. அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் இருக்கிறது, அது இரண்டு மணி நேரம்தான் வரும். கணக்கு சரியாக வருகிறது, ஆனால் ஒரு நிமிஷம்கூட மீதி இல்லை.

மூடிவிட்ட ஒரு போட்டோ ஸ்டுடியோவிலிருந்து பழைய ஜெனரேட்டர் வாங்கினேன். இணைத்துக் கொடுத்தவர் நம் தெரு எலக்ட்ரீஷியன். எப்போது கூப்பிட்டாலும் "நாளைக்கு வந்துடறேன்" என்பதால் அம்மா அவருக்கு நாளைக்கண்ணன் என்று பெயர் வைத்திருக்கிறாள். அவர் மாடிப்படிக்குக் கீழே ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்திருக்கிறார். மேலே தள்ளினால் தெருக் கரண்ட், கீழே தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் நிறுத்தினால் இரண்டும் இல்லை. எது வந்தாலும் முதலில் இன்வெர்ட்டருக்குள் போய், அங்கிருந்து ஹாலுக்கும் அம்மா அறைக்கும் போக வேண்டும்.

ஹாலுக்குப் போகிறது. அம்மா அறைக்குப் போகவில்லை. தெருக் கரண்டில் அம்மா அறை ஓடுகிறது, பேட்டரியிலும் ஓடுகிறது. சுவிட்சைக் கீழே தள்ளிய நொடியில் அந்த அறை மட்டும் அணைந்துவிடுகிறது. நாளைக்கண்ணன் சாக்கெட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, டெஸ்டர் எரியுது, ஃபேன் சுத்த மாட்டேங்குது. பேய் வீடா இருக்கும் போல" என்றார். அம்மா கட்டிலிலிருந்தே, "பேய் நான்தான், இன்னும் சாகல, நீ வேலையைப் பாரு" என்றாள்.

வீட்டுக்கு வயரிங் செய்தவன் நீ. என்னவென்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 19

அக்காவுக்கு,

நான் சுகம். இருமல் இருக்கிறது, பழகிவிட்டது. அம்மாவின் மூச்சை நினைத்துத்தான் கவலை. வேளைக்கு மாத்திரை கொடு.

பழைய ஜெனரேட்டரின் வோல்டேஜ் ஏறி இறங்கும். இன்வெர்ட்டர் அதை ஏற்றுக்கொள்ளாது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதில் கம்ப்யூட்டருக்கான நிலையை மாற்றிச் சாதாரண நிலையில் வை. பேட்டரி சார்ஜ் ஆகும் வேகத்தையும் குறைக்கச் சொல். எடுத்தவுடன் பேட்டரி முழு வேகத்தில் இழுத்தால் சின்ன ஜெனரேட்டர் மூச்சுத் திணறி நின்றுவிடும். ஜெனரேட்டரை வாசலுக்கு வெளியே தள்ளி வை, அதன் புகை அம்மாவுக்கு ஆகாது.

இதைச் செய்தால் சரியாகிவிடும். இங்கே மூன்று ஜெனரேட்டர், மூன்றும் வீடு அளவு. இரண்டு ஷிப்ட் பார்க்கிறேன். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

இருமல் பழகிவிட்டது என்று எழுதாதே. அம்மாவும் முதலில் அப்படித்தான் சொன்னாள்.

நீ எழுதிய எல்லாவற்றையும் செய்தாயிற்று. சாதாரண நிலைக்கு மாற்ற நாளைக்கண்ணன் ஒன்பது நாள் கழித்து வந்தார். சார்ஜ் வேகத்தைக் குறைத்ததும் ஜெனரேட்டர் அழுது அழுது நிற்பது போயிற்று, அதற்கு நன்றி. பேட்டரி ஏறுகிறது. ஹாலில் ஃபேன் சுற்றுகிறது. அம்மா அறை அப்படியே இருக்கிறது.

நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை, கவனித்தாயா? டெஸ்டர் எரிகிறது, ஆனால் ஒன்றும் ஓடவில்லை. அது ஏன்? நான் தண்ணீர்ப் பரிசோதனை லேபில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவள். எனக்கு உங்கள் தொழில் தெரியாது. ஆனால் ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் கெட்டிருந்தால் ஏரியைத் தோண்ட மாட்டேன், அந்தக் குழாயைத்தான் பார்ப்பேன். ஹால் ஓடும்போது ஜெனரேட்டரில் என்ன குறை இருக்க முடியும்?

இப்போதைக்கு ஹாலிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை நடைவழியாக இழுத்து அம்மாவின் மெஷினுக்குப் போட்டிருக்கிறேன். பதினோரு மீட்டர். நான் ஆபீஸ் போயிருக்கும்போது கரண்ட் போய் இன்வெர்ட்டரும் கூவ ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு டீச்சர் வந்து ஜெனரேட்டரை ஓட்டி, சுவிட்சைத் தள்ளி, பிளக்கை மாற்றிவிட்டுப் போகிறார். போன வாரம் அவர் குளித்துக்கொண்டிருந்தாராம். வருவதற்குள் அம்மாவின் விரல் நுனியில் மாட்டும் கருவி எண்பத்திரண்டு காட்டியிருக்கிறது. தொண்ணூறுக்குக் கீழே இறங்கக் கூடாத எண் அது. இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை, டீச்சர் சொன்னார்.

சீக்கிரம் எழுது.

அக்கா

ஏப்ரல் 27

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இரண்டு வாரம் தபால் வண்டி வரவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள்? நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

எர்த் சரியில்லாமல் இருக்கலாம். வீட்டுக்குப் பின்னால் புதுக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டுக் கம்பி இறக்கச் சொல். ஜெனரேட்டருக்குத் தனி எர்த் வேண்டும். அதற்கும் சரியாகாவிட்டால் அம்மாவின் கட்டிலையே ஹாலுக்கு மாற்றிவிடு. யோசித்தால் அதுதான் சுலபம். ஹாலில் காற்றும் நன்றாக வரும்.

அம்மா அறை அலமாரியை நகர்த்த வேண்டாம். பின்னால் சுவர் ஈரம் இழுத்திருக்கும், பூச்சு உதிரும். தூசி அவளுக்கு ஆகாது.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்கிற மாதிரி தெரியவில்லை.

தம்பி

மே 9

தம்பிக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. நலத்தைப் பற்றி எழுத இந்த முறை எனக்குப் பொறுமையில்லை.

எர்த் குழி எடுத்தாயிற்று. நாலடி ஆழம், ஒரு மூட்டை கரி. நாளைக்கண்ணன் மண்ணை எடுத்துப் போட்டுவிட்டு, "உங்க தம்பி பெரிய எடத்துல இருக்காரு, தெரியாமலா சொல்லுவாரு" என்றார். அம்மா அறையில் டெஸ்டர் இன்னும் எரிகிறது, ஃபேன் இன்னும் சுற்றவில்லை. செய்யச் செய்ய நான்தான் பைத்தியக்காரி ஆகிறேன். லேபில் போன வாரம் ஒரே சாம்பிளை இரண்டு முறை பதிந்துவிட்டேன்.

அம்மாவை ஹாலுக்கு மாற்றினேன். நாலு நாள்தான். குளியலறை அவள் அறையோடு சேர்ந்தது என்பது உனக்கு மறந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு நடைவழி முழுக்க நடக்க வேண்டும். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் அவள் கட்டில் முனையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஐந்தாம் நாள் காலை, "என்னை என்ன ஷோரூம்ல வச்ச மாதிரி வச்சிருக்கே? விலைச்சீட்டும் ஒட்டிடு" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என் ரூம்ல என்னை விட்டுடுடி" என்றாள். அந்தக் குரல் எனக்குப் புதிது. அன்றே கட்டில் அறைக்குத் திரும்பிப் போய்விட்டது, எக்ஸ்டென்ஷன் வயர் மறுபடி நடைவழிக்கு வந்துவிட்டது.

ஒன்று தற்செயலாகக் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லை, ஜெனரேட்டரையும் இன்னும் கிளப்பவில்லை, வீடு பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. துடைப்பதற்காகச் சுவிட்சை நடுவில் நிறுத்தினேன். அம்மா அறை அணைந்துவிட்டது. ஹால் ஓடியது. ஜெனரேட்டர் வாசலில் சும்மா நின்றுகொண்டிருக்கிறது, தம்பி. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வோல்டேஜ், எர்த் என்று நீ சொன்ன எதற்கும் சம்பந்தமில்லை.

இது உனக்குத் தெரியாமல் இருக்குமா?

அக்கா

மே 21

தம்பி,

உன் பதில் வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அம்மா விழுந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மதியம், அதே வயர் தடுக்கி. நான் லேபில் இருந்தேன். இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது, ஆறு வாரம் கட்டுப் போட்டிருக்கிறார்கள். விழுந்த வேகத்தில் பிளக் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. டீச்சர் பார்க்கும்போது அம்மா தரையில் படுத்தபடியே பிளக்கை வலது கையால் சாக்கெட்டில் சொருகப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கையெட்டவில்லை.

ஆஸ்பத்திரியில், "எப்படி விழுந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "வீட்டுல வயர் ஜாஸ்தி, கரண்ட் கம்மி" என்றாள். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா

ஜூன் 4

அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே வண்டியில் வந்தன. அம்மாவின் கை எப்படி இருக்கிறது? வலிக்கு ஏதாவது கொடுக்கிறார்களா? எனக்குத் தூக்கமில்லை.

நல்ல ஆள் யாரையாவது கூப்பிட்டு, அம்மா அறைக்கு மட்டும் முழுதாகப் புது வயரிங் செய்யச் சொல். பழையதை நோண்ட வேண்டாம், நேரம்தான் வீண். அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக இழுக்கட்டும்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தம்பி

ஜூன் 16

தம்பிக்கு,

அம்மாவின் கையில் வீக்கம் குறைந்திருக்கிறது. விரல்களை அசைக்கிறாள். மூச்சு பரவாயில்லை. கேட்டாயே என்பதற்காக முதலில் இதை எழுதினேன்.

புது வயரிங் என்று நான் கூப்பிட்ட இரண்டு பேரும், பழையதில் என்ன குறை என்று தெரியாமல் கை வைக்க மாட்டோம் என்றார்கள். நியாயம்தான். அதனால் நானே பார்த்தேன். ஒரு பல்பு, ஒரு ஹோல்டர், அதிலிருந்து இரண்டு நீள வயர். பக்கத்தில் நாளைக்கண்ணனை நிற்க வைத்துக்கொண்டேன். அன்று அவர் சொன்ன நாளிலேயே வந்தார், பயந்துபோய். "அக்கா, நீங்க தொடாதீங்க, நான் தொடறேன், நீங்க சொல்லுங்க" என்றார்.

ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு, அம்மா அறை சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் பல்பை வைத்தோம். எரியவில்லை. ஒரு முனையை அங்கேயே வைத்து, மறு முனையை ஹால் சாக்கெட்டின் நியூட்ரலுக்கு, அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஓட்டைக்குக் கொண்டுபோனோம். பளிச்சென்று எரிந்தது. கரண்ட் அந்த அறைக்குள் போகிறது, திரும்பி வரத்தான் வழியில்லை. அதனால்தான் டெஸ்டர் எரிந்தது. திரும்பி வரும் வயர் ஹாலோடு இல்லை, இன்வெர்ட்டருக்கு வராத வேறு எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. சுவிட்ச் தெருக் கரண்டை விட்டு விலகியதும் அந்த வழி அறுந்துபோகிறது.

பிறகு அலமாரியை நகர்த்தினேன்.

சுவரில் ஈரம் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூச்சு மட்டும் மற்ற இடத்தைவிட வழவழப்பாக இருந்தது. நாளைக்கண்ணன் உளியால் இரண்டு தட்டு தட்டினார். உள்ளே வயர்களை இணைக்கும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். அதிலிருந்து கறுப்பு வயர் ஒன்று சுவரைத் துளைத்து அந்தப் பக்கம், இன்வெர்ட்டரில் சேராமல் தெருக் கரண்டில் மட்டும் ஓடும் சமையலறைக்குப் போகிறது. அவர் உளியைக் கீழே வைத்தார். "யாரோ அவசரத்துல பண்ணியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். உன் பெயரைச் சொல்லவில்லை. இத்தனை மாதம் அவரைக் கேலி செய்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரே ஒரு கேள்விதான். என் முதல் கடிதத்தைப் படித்தபோதே உனக்குத் தெரியுமா?

அக்கா

ஜூலை 7

அக்காவுக்கு,

தெரியும்.

டெஸ்டர் எரிகிறது, ஃபேன் சுற்றவில்லை என்ற வரி வரைக்கும்தான் படித்தேன். அதற்குள் தெரிந்துவிட்டது. பதில் எழுதினேன், கிழித்தேன். அடுத்து எழுதியதைத்தான் உனக்கு அனுப்பினேன்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், அம்மா அறைக்குப் போகும் பைப்புக்குள் எங்கோ சிமெண்ட் இறங்கி அடைத்துக்கொண்டது. ஒரு வயர்தான் போயிற்று. இரண்டாவது போகவே இல்லை. ஒன்றரை நாள் கம்பியால் குத்திப் பார்த்தேன். அப்பா வாசற்படியில் நின்று, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக்கறேன்" என்றார். சுவரை மறுபடி உடைக்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை நியூட்ரல் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதிலிருந்து எடுத்துக் கட்டினேன். ஃபேன் சுற்றியது. அப்பா மேலே பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அந்த ஒரு முறைதான். அன்று இன்வெர்ட்டர் இல்லை, ஜெனரேட்டர் இல்லை. அது ஒருநாள் அம்மாவின் மூச்சில் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

இங்கே நான் ஃபோர்மேன். யாராவது ஒரு பாக்ஸை மூடினால், உள்ளே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எனக்கு இது எவ்வளவு அவமானம் என்று உனக்குத் தெரியத்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அந்தப் பாக்ஸை நான் பூசும்போது டார்ச் பிடித்தது நீ. "இது சரியாடா?" என்று கேட்டாய். "சரியில்லை" என்றேன். "அப்பா வர்றதுக்குள்ள பூசிடு" என்றாய். உன்னை இழுக்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன் என்று எழுதப் பார்த்தேன். அது பொய். எனக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன். அப்பா இறந்து பதினோரு வருஷம் ஆகியும், அந்தப் "பரவாயில்லையே"யைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை.

அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்து எப்படி இருக்கிறது என்று எழுது.

தம்பி

ஜூலை 22

தம்பிக்கு,

அம்மாவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு லேசாக வளைந்திருக்கிறது, அது அப்படியேதான் இருக்கும் என்றார்கள். தொட்டால் சூடாக இருக்கிறது. உன் இருமல் தீர்ந்ததா?

டார்ச் பிடித்தது எனக்கு நினைவில்லை. மூன்று நாள் முயன்று பார்த்தேன். சுவர் நினைவிருக்கிறது, உன் கையெல்லாம் சிமெண்ட் அப்பியிருந்தது நினைவிருக்கிறது. என்னை மட்டும் அங்கே காணோம். உண்மையைச் சொல்லிவிட்ட ஒருவனிடம் எனக்கு நினைவில்லை என்று பதில் எழுதுவது எவ்வளவு வசதி என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்தச் சொற்கள் என்னுடையவைதான். "அப்பா வர்றதுக்குள்ள" என்பதைத்தான் நான் இந்த வீட்டில் அதிகம் சொல்லியிருப்பேன். பாத்திரம் உடைந்தால், மார்க் குறைந்தால், நீ அழுதால். அதனால் நம்புகிறேன்.

இதனால் உன்மேல் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. அன்று பூசியதை மன்னித்துவிட்டேன். மார்ச்சிலிருந்து ஜூன் வரை எர்த் குழி எடுக்க வைத்ததை இன்னும் மன்னிக்கவில்லை. தரையில் கிடந்து பிளக்கைத் தேடியது அம்மா.

சமையலறைக்குப் போன கறுப்பு வயரைப் பிரித்துவிட்டோம். புது நியூட்ரலை இன்வெர்ட்டரிலிருந்து நேராக, சுவரின் மேற்பரப்பிலேயே, கட்டைப் பட்டியில் ஆணி அடித்து இழுத்திருக்கிறோம். நாளைக்கண்ணன் பட்டியைப் பிடித்தார், நான் அடித்தேன். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன கரண்ட் மாலை ஐந்துக்குத்தான் வந்தது. நடுவில் நாலு மணி நேரம் ஜெனரேட்டர் ஓடியது. அம்மா அறை அணையவில்லை. அவள் விரலில் மாட்டிய கருவியை அரை மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறித்தேன். தொண்ணூற்று மூன்றுக்குக் கீழே இறங்கவே இல்லை.

மாலையில் அம்மா அந்தப் பட்டியைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "யாருடி இதை இவ்வளவு கோணலா அடிச்சது?"

"நான்தான்."

"உள்ள ஒரு வயர் போச்சே. அதுக்கு என்ன வந்தது?"

சொல்லிவிட்டேன். பைப், சிமெண்ட், சமையலறை, உன் கடிதங்கள், டார்ச், எல்லாம். அப்பா சொன்னதையும் சொன்னேன். அவள் கேட்டபடியே மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள், வளைந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். அழப்போகிறாளோ என்று பயந்தேன். அழவில்லை.

"அவனை லீவு போட்டுட்டு வரச் சொல்லு" என்றாள். "திட்டணும். லெட்டர்ல திட்டினா எனக்கு மூச்சு வாங்காது, அதனால அவனுக்கு உறைக்காது."

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டேன்.

"உன்னையும்தான். ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வச்சுத் திட்டறேன். தனித்தனியா திட்ட எனக்குத் தெம்பு இல்லை."

என்றைக்கு வருகிறாய் என்று தேதி எழுது.

அக்கா